மாற்று

பழைய வண்ணாரப்பேட்டையில்
சேட்டுக் கடையின் கம்பிக்கு உள்ளே
கறுப்புக் கல்லோடு உட்கார்ந்திருக்கிறேன்.
உரசுவேன். ஒரு சொட்டு விடுவேன்.
கோடு நின்றால் காசு,
பச்சையாய்ப் பொங்கினால் அடுத்த ஆள்.
பதினோரு வருஷமாக இதுதான்.

அமாவாசைக்கு மறுநாள் தவறாமல் கஜபதி வருவான்.
மணலிக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை.
கையில் தீப்பெட்டி, அதற்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் அந்த மாதத்து முயற்சி.
ஒருமுறை பித்தளை நிறத்தில் ஒரு பருப்பு.
ஒருமுறை சொத்தைப்பல் மாதிரி ஏதோ.
ஒருமுறை வெறும் பாதரசம்;
பஞ்சை உதறிவிட்டு ஓடித்
தராசுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

அவனிடம் ஒரு சுவடி இருக்கிறது.
சுவடி இல்லை, சுவடியின் ஜெராக்ஸ்.
மிண்ட் தெருவில் எடைக்கு வந்த காகிதக் கட்டில் கிடைத்ததாம்.
கறையான் தின்ற ஓட்டையெல்லாம்
கறுப்பு நிலாக்களாய் விழுந்திருக்கும்.
பின்னால் வரிசை நிற்பதைப் பற்றிக் கவலையில்லாமல்
எனக்குப் படித்துக் காட்டுவான்:
“வெள்ளையைக் கொன்று கறுப்பனுக்கு ஊட்டு,
கன்னி அழுத நீரில் மூன்று சாமம்…”
அதற்கு அப்புறம் நிலா.
“முக்கியமான எடத்துலதான் சார்
கறையானுக்குப் பசிச்சிருக்கு.”

பூநீறு என்று ஒரு சொல் அதில் திரும்பத் திரும்ப வரும்.
பங்குனிப் பௌர்ணமியில் தரை பூக்கிற உப்பு.
அது கிடைத்தால் மிச்சமெல்லாம் திறக்கும் என்பான்.
அவன் பெண்சாதி அஞ்சலாட்சி
வட்டி கட்ட வந்த அன்றைக்குச் சொன்னாள்:
“உவமண்ணு சார் அது.
எங்காளுங்க துணி வெளுத்த மண்ணு.
அதப் போயி ரகசியம்னு எழுதி வச்சிருக்கான் பாரு.”
சிரித்தாள். காதில் வேப்பங்குச்சி.
தோடு எங்கள் இரும்புப் பெட்டியில் இருந்தது.

ஆடியில் முழுசாகக் கட்டித் தோட்டை மீட்டாள்.
ஆவணியில் அவன் வந்தான்.

உரசினேன். கோடு விழுந்தது.
திராவகம் விட்டேன்.
கோடு நின்றது.

வெளியே தண்ணீர் லாரி
பின்னுக்கு வரும் சத்தம்.
இன்னொரு தடவை உரசி
மச்சத்தோடு வைத்துப் பார்த்தேன்.
பதினாலு காரட், எடை மூன்று கிராம்,
செம்பைக் கழித்தால் சுத்தம் ஒன்றே முக்கால்.
நான் தேடவில்லை. எண்கள் தாமாகவே போய்ப்
பேரேட்டின் பழைய பக்கத்தைத் திறந்தன:
அஞ்சலாட்சி, க/பெ கஜபதி,
கல் இல்லாத தோடு ஒரு ஜோடி,
இருபத்திரண்டு காரட்,
ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று.
சுத்தம் எவ்வளவு என்று
நீங்களே போட்டுப் பாருங்கள்.

கந்தகம் சுட்ட விரல்களால்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
“தங்கம்தான்” என்றேன்.
அது பொய் இல்லை.
வைக்கிறியா விக்கிறியா என்றார் சேட்டு.
அவன் காதில் விழவில்லை.
கம்பிக்குள் கையை நுழைத்து
என் உரைகல்லைத் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

ராத்திரி ஷட்டர் இறக்குகிற நேரம் அஞ்சலாட்சி.
“இன்னா சார் சொன்ன?”
“தங்கம்னு.”
“எவ்ளோ மாத்து?”
“பதினாலு.”
“செம்பு ஜாஸ்தி வுட்டுட்டான்.
நான் சொல்ல முடியுமா?”
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி
மணலிப் பக்கத்து வானத்தில்
கம்பெனி நெருப்பு எதையோ புடம் போட்டுக்கொண்டிருந்தது.
“இனிமே நிறுத்திருவான்ல சார்?”

ஜெயித்தவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை.
சொல்லவில்லை.
அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
கண்ணாலேயே நிறுத்தேன், பழக்கதோஷம்:
பூஜ்யம் புள்ளி நாலு.